நாதத்துக்கு இட்ட குங்கிலியம்

மயிலைக் கபாலீசுவரர் திருக்கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் திருவீதியுலா. அன்று மாட வீதிகளில் எழுந்தருளும் அடியார்களுள் குங்கிலியக் கலய நாயனாரும் ஒருவர். திருக்கடவூரில் அவதரித்து, இறைவனுக்கு நாள்தோறும் குங்கிலியத் தூபமிடுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர். வறுமை முற்றி, அடுப்பு மூட்டவும் வழியற்றுப் போன நாளில் மனைவியார் தம் தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் கொண்டுவரச் சொன்னார். வழியில் எதிர்ப்பட்ட வணிகனிடம் இருந்ததோ குங்கிலியப் பொதி. தாலி பொதியாக மாறியது; பொதி கோயிலுக்குப் போயிற்று. சேக்கிழார் பெருமான் பாடிய இவ்வரலாற்றை அறியாத சைவக் குடும்பம் மயிலையில் அரிது.

குங்கிலியம் என்பது மரத்திலிருந்து வடிந்து இறுகும் பிசின். அதே விழா நாட்களில் மாலைக் கச்சேரிக்கு மேடையேறும் வயலின் வித்வான், பெட்டியைத் திறந்ததும் கையில் எடுப்பதும் ஒரு மரப் பிசினைத்தான். தேன் நிறத்தில், வில்லையாக வார்க்கப்பட்ட ரோசின் அது. பைன் மரத்தின் பாலிலிருந்து கற்பூரத் தைலம் எனப்படும் டர்பன்டைனைக் காய்ச்சிப் பிரித்த பின் எஞ்சுவது. வில்லின் மயிரில் அதை நாலைந்து முறை தேய்த்த பின்னரே அவர் சுருதி கூட்டுகிறார். தூபம் போலப் புகையாமல், வெண்பொடியாகத் தந்திகளின் அடியில் உதிர்ந்து கிடக்கும். அப்பொடி இல்லையேல் ஒலி இல்லை. ரோசின் காணாத புது வில்லைத் தந்தியின் மேல் எவ்வளவு இழுத்தாலும் அது வழுக்கிக்கொண்டு போகுமேயன்றி வாய் திறவாது.

இதை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. விஜயதசமி தோறும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் எத்தனையோ பிள்ளைகள் வயலின் வகுப்பில் சேர்க்கப்படுகின்றனர். அவர்களுள் பலர் இரண்டாண்டுகளுக்குள் நின்றுவிடுகின்றனர். “குழந்தைக்கு ஸ்வர ஞானம் இல்லை” என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு எத்தனை வீடுகளில் மரத்தின் குற்றத்தையும் கம்பியின் குற்றத்தையும் ஒரு குழந்தையின் தலையில் ஏற்றியதாக இருக்கும் என்று எண்ணிப் பார்ப்பார் இல்லை. வயலின் எதனால் ஆனது, அப்பொருள்கள் நாதத்தை என்ன செய்கின்றன என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது அப்பிள்ளைகளுக்குச் செய்யும் நீதியாகும்.

முதலில் வில். வில்லின் மயிர் தந்தியைப் பற்றித் தன்னோடு இழுத்துச் செல்கிறது. ஓர் எல்லை வந்ததும் தந்தி பிடியை உதறிவிட்டுப் பின்னே தாவுகிறது. மறுகணமே மீண்டும் பற்றப்படுகிறது. ஐந்து கட்டைச் சுருதியில் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் ஒலிக்கையில் இந்தப் பற்றுதலும் விடுதலும் ஒரு விநாடிக்கு 392 முறை நிகழ்கின்றன. பற்றையும் வீட்டையும் பற்றிச் சித்தாந்தம் பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல உவமை கிடைப்பது கடினம். பற்றும் வேளையில் இறுகப் பற்றவும், விடும் வேளையில் தடையின்றி விடவும் வல்ல பொருள் ரோசின். உராய்வின் வெப்பத்தில் இளகுவதும் உடனே இறுகுவதும் அதன் இயல்பு. கருநிற ரோசின் மென்மையானது, குளிர்நாட்டுக்கு ஏற்றது. நம் ஊர் வெயிலில் பிசுபிசுத்துவிடும். சென்னைக்கு வெளிர்நிறமான கடின ரோசினே பொருந்தும்.

இந்த இயக்கத்தைத் துருவி ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் நம்மவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சி.வி. இராமன் 1907-இல் இந்திய நிதித் துறையில் சேர்ந்து கல்கத்தாவில் அசிஸ்டென்ட் அக்கவுண்டன்ட் ஜெனரலாக அமர்ந்தார். பகலில் அரசாங்கப் பேரேடு. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவிலிருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் வயலினும் வில்லும். 1917-இல் அரசு வேலையை உதறிப் பேராசிரியரானார். அடுத்த ஆண்டே வில்லால் மீட்டப்படும் தந்திகளின் அதிர்வு பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. பின்னர், ஒரே வேகத்திலும் ஒரே அழுத்தத்திலும் வில் இழுபடுமாறு பொறி ஒன்று அமைத்து, ஒலி பிறக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு அழுத்தம் தேவை என்று அளந்தார். வில் குதிரையை நெருங்க நெருங்க அழுத்தம் கூட வேண்டும்; வில்லின் வேகம் கூடினாலும் அவ்வாறே. ஒவ்வொரு குருவும் மாணவனுக்கு வாயால் சொல்லித்தருவதற்கு அவர் எண்ணால் சான்று தந்தார். மிருதங்கத்தையும் தம்பூராவையும் வீணையையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவருடைய துணைவியார் லோகசுந்தரி வீணை வாசிப்பவர். தமையனார் சுப்பிரமணிய ஐயரும் கணக்குத் துறை அதிகாரியே. வயலின் வாசித்தவர், சங்கீத நூல்கள் எழுதியவர். மயிலாப்பூரில் அன்றைய எட்வர்டு எலியட்ஸ் சாலையில், இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையில், ‘சந்திர விலாஸ்’ என்னும் இல்லத்தில் வாழ்ந்தவர். அவருடைய மைந்தர்தாம் நோபல் பரிசு பெற்ற மற்றொருவரான எஸ். சந்திரசேகர். கணக்குத் துறைக்கும் வயலினுக்கும் ஏதோ பூர்வ ஜன்ம பந்தம் இருந்திருக்க வேண்டும்.

வில்லின் தண்டு வந்த வழி இன்னும் நெடிது. பாரிஸில் பிரான்சுவா தூர்த் என்பவர், முதலில் கடிகாரத் தொழில் கற்றவர், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இன்றைய வில்லின் வடிவத்தை நிலைநிறுத்தினார். ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் நீளம், 60 கிராம் எடை. பல மரங்களுள் அவருக்குக் கைகொடுத்தது பிரேசில் நாட்டின் பெர்னம்புகோ. நெருப்பில் காட்டி வளைத்தால் வளைவை மறவாது; மெலிதாக இழைத்தாலும் விறைப்புக் குன்றாது; அதிர்வைத் தானே விழுங்கிவிடாது. இம்மரம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. குருவாயூர் சென்று வந்தவர்கள் அங்கே உணவு விடுதிகளில் இளஞ்சிவப்பாகத் தரப்படும் பதிமுக வெந்நீரை அருந்தியிருப்பார்கள். பதிமுகம் எனப்படும் சப்பங்க மரமும் பெர்னம்புகோவும் ஒரே குடும்பம். கீழ்த்திசையிலிருந்து வந்த சப்பங்கத்தின் செஞ்சாயக் கட்டைக்கே ஐரோப்பியர் ‘பிரேசில்’ என்று பெயரிட்டிருந்தனர். அதைப் போன்ற செம்மரம் 1500-க்குப் பின் தென்னமெரிக்கக் கரையில் அடர்ந்திருக்கக் கண்டதும் பெயர் அம்மரத்துக்குச் சென்றது; மரத்தின் பெயரே நாட்டின் பெயராயிற்று. சாயத்துக்காக வெட்டி வெட்டி, இன்று அந்தக் காடுகள் அருகிவிட்டன. 2007 முதல் பெர்னம்புகோவின் வணிகம் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தொடக்க மாணவனுக்குக் கரியிழை வில் போதும். ஈரத்தில் கோணாது, விலையும் எட்டும், எந்தக் காட்டையும் அழிப்பதில்லை.

வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் மயிர். 150 முதல் 200 இழைகள். தந்தியைத் தாங்கும் சிறு பலகைக்கும் தமிழில் ‘குதிரை’ என்றே பெயர் அமைந்துவிட்டது வேடிக்கைதான். இங்கே ஆசாரமுள்ள இல்லங்களில் ஓர் ஐயம் எழுவதுண்டு. விலங்கின் மயிரும், தோலைக் காய்ச்சிய வச்சிரப் பசையும் சேர்ந்த கருவியை ஸரஸ்வதி பூஜையன்று அம்பாளின் முன் வைக்கலாமா? கோயிலே இதற்கு விடை தந்திருக்கிறது. உற்சவ மூர்த்திக்கு இருபுறமும் வீசப்படும் வெண்சாமரம் கவரிமாவின் வால் மயிர். சங்கு கடல்வாழ் உயிரின் ஓடு. பட்டு புழுவின் கூடு. மிருதங்கமும் தவிலும் தோலின்றி இல்லை. இறைவனுக்கு உவந்த ஓசையைத் தருமானால் அப்பொருள் தீட்டாகாது என்பதே நம் முன்னோர் நடைமுறை.

அந்த முன்னோருள் முதல்வர் பாலுஸ்வாமி தீக்ஷிதர். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் இளவல். குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இருந்தபோது, ஜார்ஜ் கோட்டையின் பாண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு சகோதரர்களுக்குக் கிட்டியது. தமையனார் அம்மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் அமைத்தார். தம்பி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று அதைக் கர்நாடக இசைக்கு வசமாக்கினார். அக்காலத்து வயலினில் எஃகுக் கம்பி கிடையாது. ஆட்டுக் குடலைத் திரித்து உலர்த்திய நரம்பே தந்தி. தாழ்ந்த தந்திக்கு மட்டும் அந்நரம்பின் மேல் உலோகக் கம்பி சுற்றியிருக்கும். நரம்பின் ஒலி இதமானது, குரலை ஒத்தது. ஆனால் ஈரக் காற்றில் நரம்பு தளரும், சுருதி நழுவும், எதிர்பாராத வேளையில் அறுந்தும் போகும். எஃகு 20-ஆம் நூற்றாண்டில் பரவியது. பின்னர்ச் செயற்கை இழையின் மேல் உலோகம் சுற்றிய தந்திகள் வந்தன.

தந்தியில்தான் நம் வயலின் மேலைநாட்டு வயலினிலிருந்து பிரிகிறது. அங்கே முதல் தந்தி விநாடிக்கு 659 அதிர்வுகளில் நிற்கும். நாம் ஸ-ப-ஸ-ப என்று கூட்டுகிறோம். ஐந்து கட்டையிலேயே முதல் தந்தி 587-க்கு இறங்கிவிடுகிறது. ஆண்குரலுக்குப் பக்கவாத்தியம் என்றால் இன்னும் தாழும். தந்தி தளர்ந்தால் விரலடியில் கமகம் வழுவழுப்பாக நழுவும். ஆனால் ஒலியின் வீச்சுக் குறையும், கனமாக அழுத்தினால் சுருதி வளையும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் மைசூர் டி. சௌடையா இக்குறையை எதிர்கொண்ட விதம் புகழ்பெற்றது. தந்திகளை இரட்டித்து ஏழு தந்தி வயலினை அமைத்துக்கொண்டு, கடைசி வரிசை வரை கேட்கச் செய்தார். மேலைநாட்டுச் சுருதிக்கென்று செய்த மெல்லிய கம்பியைக் கட்டி, அதைத் தளர்த்திக் கூட்டினால் குழந்தையின் வயலின் முனகத்தான் செய்யும். குருவைக் கேட்டுச் சுருதிக்கேற்ற கனமுள்ள தந்தியை வாங்குவதே முறை.

இனி உடல். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா இருக்க, வயலினின் மேல்பலகைக்கு மட்டும் குளிர்நாட்டு ஸ்ப்ரூஸ் ஏன்? வீணையை ஒருமுறை மீட்டிவிட்டால் அந்த ஒரு தட்டலின் ஆற்றலே அதற்கு முதல். அதைச் சிக்கனமாக, நெடுநேரம் செலவழிக்கக் கனத்த மரம் வேண்டும். வயலினுக்கோ வில் இடைவிடாது முதல் போட்டுக்கொண்டே இருக்கிறது. வந்ததை உடனுக்குடன் காற்றில் கலந்துவிடும் தாராளமான மரம் வேண்டும். ஸ்ப்ரூஸ் அத்தகையது. தண்ணீரின் பாதி எடைகூட இல்லை. எனினும் அதன் இழையின் வழியே ஒலி விநாடிக்கு 5,000 மீட்டருக்கு மேல் பாய்கிறது. காற்றில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 340 மீட்டர்தான். மூன்று மில்லிமீட்டர் கனமே உள்ள அப்பலகை, தந்திகளின் இழுவிசையைக் குதிரையின் வழியே அன்றாடம் சுமக்கிறது. முதுகுப்பலகையும் பக்கங்களும் கழுத்தும் மேப்பிள்.

இரு பலகைகளுக்கும் இடையே, ஒட்டாமல், இறுக்கத்தால் மட்டும் நிற்கும் சுண்டுவிரலிலும் மெல்லிய ஸ்ப்ரூஸ் தூண் ஒன்று உண்டு. இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் அதற்கு இட்ட பெயர் ‘ஆன்மா’. அது ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கருவியின் குரல் மாறிவிடும். விழுந்துவிட்டால் வெறும் பெட்டிதான். தேகத்துள் கண்ணுக்குத் தெரியாமல் நின்று தாங்கும் ஒன்றுக்கு வேறென்ன பெயர் தகும்!

விரல்பலகைக்குக் கருங்காலி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் விளையும் இம்மரத்தை ஐரோப்பியர் கப்பல் கப்பலாகக் கொண்டு சென்றனர். அண்மைக் காலமாகக் கருங்காலி மாலைக்கு எழுந்துள்ள மோகத்தில் கறுப்புச் சாயம் பூசிய மணிகளும் விற்பனையாவதை வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மலிவான வயலின்களிலும் அதே கதை. ஏதோ ஒரு மெல்லிய மரத்துக்குக் கறுப்பு பூசிவிடுகிறார்கள். மேலைநாட்டு வாசிப்பில் விரல் பெரும்பாலும் ஸ்வரத்தில் சென்று ஊன்றும்; நம் வாசிப்பில் அது தந்தியின் நீளமெல்லாம் வழுக்கி ஓடும். எஃகுக் கம்பி நாளடைவில் மென்மரத்தில் பள்ளம் பறித்துவிடும். அதன்பின் காந்தாரம் எடுத்தால் இரைச்சலும் கூடவே வரும். குழந்தையின் காது சரியாகத்தான் இருக்கிறது, பலகையில்தான் குழி.

அருமையான பொருள் என்பதற்காக ஒன்று நல்ல நாதம் தந்துவிடாது. 1834-இல் ஸ்வாதித் திருநாள் மகாராஜா, தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். அந்நியக் கருவி ஒன்று நம் சபையில் பெற்ற முதல் ராஜ மரியாதைகளுள் அதுவும் ஒன்று. ஆயினும் தந்தம் ஸ்ப்ரூஸைப் போல நான்கு மடங்கு அடர்த்தியானது. கௌரவத்துக்குத் தந்தம், கச்சேரிக்கு மரம் என்பதே கைவினைஞர் கணக்கு. பழைமையும் அப்படித்தான். இத்தாலியின் ஸ்டிராடிவாரி வயலின்கள் கோடிக்கணக்கில் விலைபோகின்றன. அவற்றின் மரம் கடுங்குளிரில் மெல்ல வளர்ந்தது என்றும், பூச்சிக்கு மருந்திட்டது என்றும் விளக்கங்கள் பல. 2010-இல் குளோடியா ஃபிரிட்ஸ் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் தம் குழுவினருடன், அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் 21 கலைஞர்களுக்குக் கருவி அடையாளம் தெரியாதபடி கண்ணாடி அணிவித்து, மூன்று பழைய வயலின்களையும் மூன்று புதியவற்றையும் வாசிக்கச் செய்தார். பெரும்பாலோர் விரும்பித் தேர்ந்தவை புதியவை. எல்லாவற்றிலும் பின்தங்கியது ஒரு ஸ்டிராடிவாரி. இதனால் பழைய கருவிகள் தாழ்ந்தவை என்று கொள்ள வேண்டியதில்லை. தாத்தா காலத்து வயலின் என்ற ஒரே காரணத்துக்காகப் பரணிலிருந்து இறக்கிப் பேரனின் கையில் கொடுப்போரும், கடன்பட்டாவது வெளிநாட்டுக் கருவியே வேண்டும் என்போரும் சற்று நிதானிக்கலாம்.

நம் நாட்டில் ராம்பூரிலும் கொல்கத்தாவிலும் செய்யும் வயலின்கள் தொடக்கத்துக்குப் போதுமானவை. ஆனால் கடையிலிருந்து நேரே வகுப்புக்குக் கொண்டுபோகலாகாது. குதிரையின் கால்கள் மேல்பலகையின் வளைவோடு இடைவெளியின்றிப் படிய வேண்டும். தந்தி விரல்பலகையிலிருந்து மிக உயர்ந்திருந்தால் பிஞ்சு விரல் வலிக்கும், அழுத்த அழுத்தச் சுருதி ஏறும். பிருடைகள் வழுக்காமல் நிற்க வேண்டும். இவற்றைச் செப்பனிட ஆகும் கூலி, கருவியின் விலையோடு ஒப்பிட்டால் சிறிது. கையில் உள்ள தொகையில் கொஞ்சம் குறைந்த விலைக்குக் கருவியை வாங்கி, மிச்சத்தை இச்செப்பத்துக்கும் நல்ல தந்திக்கும் ஒதுக்குவதே புத்திசாலித்தனம். கால், அரை, முக்கால் என்று அளவுகள் இருப்பது குழந்தையின் கை நீளத்துக்காக. வளர்ந்த பின்னும் பயன்படட்டும் என்று முழு அளவை வாங்கிக் கொடுப்பது கொடுமை.

மயிலையும் அடையாறும் கடலோரம். உப்புக் காற்றிலும் விரல் வியர்வையிலும் எஃகு துருப்பிடிக்கும். சாதகம் முடிந்ததும் மெல்லிய பருத்தித் துணியால் தந்தியையும் ரோசின் பொடியையும் துடைக்க வேண்டும். வில்லைத் தளர்த்தி வைக்க வேண்டும்; இல்லையேல் தண்டின் வளைவு போய்விடும். பல நாள் மூடியே கிடக்கும் பெட்டியில் நுண்பூச்சிகள் மயிரைத் தின்றுவிடுகின்றன. வெளிச்சம் அவற்றுக்கு ஆகாது என்பதால் அவ்வப்போது திறந்து வைப்பது நலம். குளிரூட்டிய சபா அரங்கிலிருந்து கோயில் பிரகாரத்தின் புழுக்கத்துக்கு வரும்போது மரம் ஈரம் குடித்து உப்பும்; கச்சேரிக்கு அரைமணி முன்னரே பெட்டியைத் திறந்து காற்றுக்குப் பழக்குவார்கள் அனுபவசாலிகள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வயலினை வைத்துவிட்டுச் சுவாமி தரிசனத்துக்குப் போவதைப் போன்ற அபசாரம் வேறில்லை.

அப்படி வைத்து, பலகையின் ஓரம் விண்டுவிட்டால் பதற வேண்டாம். வச்சிரப் பசை வெப்பத்திலும் ஈரத்திலும் இளகுவது குறையன்று. மரம் பிளப்பதற்கு முன் ஒட்டு விட்டுக்கொடுக்கட்டும் என்றே அதைத் தேர்ந்திருக்கிறார்கள். வயலின் பழுதுபார்ப்பவர் மீண்டும் அதே பசையைக் காய்ச்சி, பிடிகளிட்டு இறுக்கி, ஒருநாள் உலர்த்தித் தந்துவிடுவார். தெருமுனைத் தச்சரிடம் கொடுத்து இக்காலத்து வெள்ளைப் பசையால் மட்டும் ஒட்டிவிடக் கூடாது. அது விடாது; அடுத்த கோடையில் விரிவது ஓரமாக இராது, மேல்பலகையாக இருக்கும்.